பூனைக்கண் சரித்திரம்

இருட்டில் கண் தெரிய வேண்டும் என்ற ஆசை முதலில் திருடனுக்கு வந்ததா, அவனைப் பிடிக்கப் போனவனுக்கு வந்ததா தெரியாது. ஆனால் அதற்கு வித்திட்டவர் ஒரு வாத்தியக்காரர். வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர். வானம் பார்க்கும் பித்து முற்றி யுரேனஸைக் கண்டுபிடித்தார். அதற்கு ஜார்ஜ் ராஜாவின் பெயரைச் சூட்டப் பார்த்த அளவுக்குப் பிழைக்கவும் தெரிந்தவர். 1800-இல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, நிறத்துக்கு நிறம் தெர்மாமீட்டர் வைத்தார். சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் சூடு அதிகம் இருந்தது. அகச்சிவப்புக் கதிர் அகப்பட்டது. அதை வைத்து அடுத்தவனைச் சுடலாம் என்று தோன்ற மனித குலத்துக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம் மந்தபுத்தி சில சமயம் நல்லதுதான்.

நடுவில் பிரிட்டிஷ்காரர்கள் செலவில்லாத வழி ஒன்று பிடித்தார்கள்: புளுகு. 1940 கடைசியிலிருந்து, ராத்திரியில் குண்டு போட வந்த ஜெர்மன் விமானங்களை ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி ஒவ்வொன்றாக வீழ்த்தினார். விஷயம் என்னவென்றால், விமானத்துக்குள் ரேடார் இருந்தது. பின்னால் ஒருவர் அதன் திரையைப் பார்த்து ‘இடது, வலது’ என்று பஸ் கண்டக்டர் மாதிரி வழி சொல்லிக்கொண்டிருந்தார். அதை வெளியே சொல்ல முடியுமா? ‘எங்கள் பையன்கள் கேரட் தின்கிறார்கள், பூனைக்கண் வந்துவிட்டது’ என்று கிளப்பிவிட்டார்கள். ஜெர்மானியர்கள் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகம். அவர்களிடமே ரேடார் இருந்தது. நம்பியது உள்ளூர் ஜனம். தெருவிளக்கெல்லாம் அணைந்த ஊரில் கம்பத்தில் முட்டிக்கொண்டவர்கள், முட்டிக்கொள்ளாமலிருக்க கேரட்டை மென்றார்கள். உணவு அமைச்சகமும் ‘டாக்டர் கேரட்’ என்று படம் போட்டுப் பரிமாறியது. வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வந்தவருக்குக் கேரட் உதவும். மற்றவர் மூட்டை மூட்டையாகத் தின்றால் தோல்தான் மஞ்சளாகும்.

ஜெர்மானியர்கள் கேரட்டை நம்பவில்லை, பேட்டரியை நம்பினார்கள். போர் முடியப்போகிற நேரத்தில் ‘வாம்பிர்’, அதாவது ரத்தக்காட்டேரி என்று ஒரு துப்பாக்கிக் கருவியை இறக்கினார்கள். துப்பாக்கிமேல் அகச்சிவப்பு விளக்கு, அதைப் பார்க்க ஒரு குழாய், முதுகில் 13 கிலோவுக்கு மேல் பேட்டரி. காட்டேரி இவ்வளவு சுமந்தால் ரத்தம் குடிக்கத் தெம்பிருக்குமா? அமெரிக்கர்களும் 1945-இல் ஒகினாவாவில் இதே ஜாதிக் கருவியோடு இறங்கினார்கள். ஜப்பானியரிடம் அது இல்லாததால் பலித்தது. எதிரியிடமும் ஒரு குழாய் இருந்தால் கதை கந்தல்: நீ ரகசியமாக ஏற்றிய விளக்கு அவனுக்குத் திருவிழாப் பெட்ரோமாக்ஸ்.

வியட்நாமில் அமெரிக்கர்கள் அந்த வம்பே வேண்டாமென்று, நட்சத்திர வெளிச்சத்தையே பெருக்கிக் காட்டும் ‘ஸ்டார்லைட்’ குழாயைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். அடர்ந்த காட்டுக்குள் நட்சத்திரம் எங்கே வரும்? கண் கைவிட்டதும் மூக்கை நம்பினார்கள். ஹெலிகாப்டரில் மோப்பக் கருவி வைத்து, மனித வாடையில் அம்மோனியாவைத் தேடினார்கள். எதிராளி மரத்தில் மூத்திர வாளியைத் தொங்கவிட்டு ஏய்த்தான் என்று அங்கே போய்வந்த சிப்பாய்கள் சொல்கிறார்கள். அந்தப் போரில் எனக்குப் பிடித்த ஆயுதம் அந்த வாளிதான்.

1991 வளைகுடாப் போரில் கருவிக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. ஈராக்கியர் மணலில் புதைத்த டாங்கிகள் பகலெல்லாம் காய்ந்தன. சாயங்காலம் மணல் சட்டென்று குளிர, இரும்போ அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி சூட்டை விடவில்லை. மேலே பறந்த விமானத்தில், சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்பையே பார்க்கும் வெப்பக் கேமராவில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

இத்தனை பிரதாபத்தையும் கவிழ்க்க ஒரு சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும். உடம்புச் சூட்டை அது வெளியே விடாது. அதனால்தான் அந்தக் கேமராவுக்கு ஜெர்மானியம் என்ற தனிமத்தில் லென்ஸ் செய்கிறார்கள். மூடிய ஜன்னலைப் பார்த்துக் கேமராவைப் பிடித்தால் உள்ளே இருக்கும் ஆள் தெரியமாட்டார். கேமரா பிடித்தவரின் சொந்தச் சூடுதான் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையில் மங்கலாக நிற்கும்.