பேரிக்காய் உடல்வாகும் பழவேற்காட்டுத் தீர்வும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

தோளைவிட இடுப்பும் தொடையும் அகன்ற உடம்புக்கு ஆடை நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் பேரிக்காய் உடல்வாகு. பேரிக்காய் ஊட்டியில் விளையும், கொடைக்கானலில் விளையும். பழவேற்காட்டு உப்பு மணலில் விளையாது. இடுப்பு எல்லா மண்ணிலும் விளையும் என்பதால் அங்குள்ள கோட்டைக்குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் முதலிய ஊர்களை ஆய்வுக்களமாகக் கொள்வதில் தடையில்லை.

நிபுணர்களின் சாத்திரம் மூன்றே விதி. இடுப்புக்குக் கீழே அடர்நிறம், மேலே வெளிர்நிறம். தோளை அகட்டிக் காட்டு. கீழ்ப்பாகம் ஒட்டாமல் விரியட்டும். இதற்காகப் பட்டணத்தில் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பாருங்கள். பனையோலைப் பறி பல்லிடுக்கில். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. கரையேறும்போது இடுப்புக்குக் கீழே சேறு அப்பிக் கறுத்திருக்கும், தோளில் வெயிலில் வெளுத்த சட்டை. முதல் விதி காசில்லாமல் நிறைவேறியாயிற்று. பார்க்க வருகிறவர்களோ பறிக்குள் எத்தனை இறால் என்றுதான் எட்டிப் பார்க்கிறார்கள்.

தோளை அகட்ட ‘போட் நெக்’ ரவிக்கை தைக்கச் சொல்கிறது சாத்திரம். இத்தனை படகு நிற்கிற ஊரில் அதற்குத் தேவை எழவில்லை. சும்மாட்டின்மேல் மடவையும் நண்டும் நிறைந்த அன்னக்கூடை ஏறிவிட்டால் எவர் கண்ணும் இடுப்புவரை இறங்காது.

மூன்றாம் விதியில்தான் பழவேற்காடு உலகுக்கே ஆசான். டச்சுக்காரர்கள் இங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பி உட்கார்ந்தது மீன் பிடிக்க அல்ல. சோழமண்டலக் கரைத் துணியை வாங்கிக் கப்பலேற்றி, கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து மிளகும் சாதிக்காயும் வாங்கினார்கள். யாருடைய இடுப்பையும் அளக்காமலே வியாபாரம் நடந்தது. கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் இன்றும் இந்த ஊர்ப் பெயரால் ‘பெலிக்கட்’ என்றே அழைக்கிறார்கள். இரண்டு முனையையும் மூட்டிய குழாய்த் துணி, அவ்வளவுதான். உள்ளே யார் நுழைந்தாலும் மிச்சத்தை மடித்துச் செருகினால் அளவு சரி. சேலைக்குள் இருக்கும் பாவாடை நாடாவும் இதே கட்சி: பிள்ளை பெறுவதற்கு முன்னும் பின்னும் அதே பாவாடை, முடிச்சு மட்டும் இடம் மாறும். கடைக்காரர் எஸ், எம், எல் என்று எழுத்துப் போட்டுத் தைத்துவைக்கத் தொடங்கிய பிறகுதான் இடுப்பு ஒரு குற்றமானது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இன்று குப்பத்து வாசல்களில் நைட்டியின் ஆட்சி. தோளிலிருந்து கணுக்கால்வரை எங்கும் ஒட்டாது. மேலே போட்ட துண்டு தோளை அகட்டிவிடும். இரண்டு விதியும் ஒரே உடுப்பில். மானத்துக்கென்று போட்ட துண்டு அழகியலுக்கும் உதவும் என்று பாரிஸ்காரர்களுக்கு இன்னும் தெரியாது.

ஆப்பிள் உடல்வாகு, அதாவது தொந்தி, தனி ஆய்வுக்குரியது. கைலியைத் தொந்திக்கு மேலே கட்டுவோர், கீழே கட்டுவோர் என்று ஆண்கள் வடகலை தென்கலையாகப் பிரிந்து கிடக்கிறார்கள். டீக்கடையில் கருத்துக் கேட்டால் இரு தரப்பும் எழுந்து நின்று, கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்ட பிறகே வாதத்தைத் தொடங்குகின்றன.