ஜிம்மிக்குத் தவுகே கோழி

கேள்வி: எங்கள் ஜிம்மி நாய் பிஸ்கட்டை மோந்துகூடப் பார்ப்பதில்லை. தவுகே (முளைப்பயறு) கோழி வாங்கி வந்தால் மட்டும் வாலை ஆட்டுகிறான். இளைத்துவிடுவானோ?
- வாசகி, புந்தோங், ஈப்போ

பதில்: முதலில் இளைக்கப்போவது உங்கள் பர்ஸ். தோட்டத்து லயத்தில் பழைய சோறு தின்ற அவன் பாட்டனுக்கு மெனு கார்டே கிடையாது! பிஸ்கட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள், வாசனை எழும்பும். 20 நிமிடத்தில் தொடாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைவரை ஒன்றும் கிடையாது, உங்கள் வீட்டுத் தாத்தா மேசைக்கடியில் தள்ளும் ரொட்டி சானாய் உட்பட. இளைக்கிறானா என்று அறிய அவன் விலாவைத் தடவுங்கள்: எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. கோழிதான் வேண்டுமென்றால் வெறும் தண்ணீரில் அவித்து, எலும்பை நீக்கிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் அது அடம் இல்லை, கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தாத்தாவைத் திருத்த மட்டும் என்னிடம் வழி கேட்காதீர்கள்.