சோபா குடிபோன ஊடு

ஊடு நெம்ப அம்சமா இருக்குது கண்ணு. பொய் சொல்லல. கேட்டைத் தாண்டி வந்தவொடனே செருப்பைக் கழட்டறதா, இல்ல ரெண்டு கையையும் தூக்கிக் கும்புடறதான்னு எனக்கே வெளங்கல. வேற யாராச்சுமா இருந்தா டிக்கெட்டு வாங்கச் சொல்லியிருப்பே. அப்புச்சிங்கறதுனால சும்மா உள்ள உட்டுட்டே.

உன்ற கெட்டிக்காரத்தனத்தை நான் காங்கயம் சந்தை பூராவும் சொல்லியாச்சு. 20 வருசத் தவணைக்குக் கடன் வாங்கி ஒரு சோபாவுக்கு ஊடு கட்டிக் குடுத்த புண்ணியவான் நம்ம வம்சத்துல நீதான் மொத ஆளு. கடையில இருந்து வந்தப்ப சுத்தியிருந்த பிளாஸ்டிக்கைக்கோட இன்னும் பிரிக்கல. பொடுசு அதுமேல ஏறப் போனான், நாலு பக்கமிருந்தும் "டேய்!"னு குரல் வந்துச்சு. அவன் எறங்கித் தரையில உக்காந்துட்டான். நீயும் தரையிலதான் உக்கார்றே. உன்ற ஊட்டுக்கார அம்முணியும் தரையிலதான். அப்ப அது யாருக்குச் சாமி? "யாராச்சும் வந்தா"ங்கறே. நான் வந்தேன். உக்காந்தேன். அந்தப் பிளாஸ்டிக்கு பொரபொரன்னு ஊரைக் கூட்டுச்சு. நீ பதறி ஓடியாந்து, "அப்புச்சி, வேட்டியில மண்ணு இருக்குதா?"ன்னு கேட்டே. இருக்குது கண்ணு. அந்த மண்ணை வித்துத்தான் உங்கம்மாளுக்குச் சீர் செஞ்சேன்.

கோவிச்சுக்காத. இன்னும் சமையக்கட்டுக்கே வரல.

சமையக்கட்டு ரெண்டு வெச்சிருக்கறே. முன்னால இருக்கறதுக்குப் பேரு மாடுலர். இழுத்தா வருது, தொட்டாப் போகுது, சத்தமில்லாமத் தானே சாத்திக்குது. அடுப்புக்கு நாலு பர்னர், ஒண்ணுலகோடக் கரி புடிக்கல. அப்ப பருப்பு எங்கடா வேகுதுன்னு மோப்பம் புடிச்சுட்டே போனேன். பொறத்தால, வாசிங் மிசினுக்கும் சிலிண்டருக்கும் நடுவால, ஆளு திரும்புனாச் சொவத்துல முழங்கை இடிக்கற சந்துல, பழைய அடுப்பை வெச்சுட்டு அம்முணி அரிசியும்பருப்புஞ் சோறு ஆக்கீட்டு இருக்குது. கழுத்தெல்லாம் வேர்வை. அடுப்பை ஏசிக்குள்ள உக்காத்தி வெச்சு, ஆக்கறவளைச் சந்துல நிறுத்துன பெருமை உனக்கே இருக்கட்டும். எங்காலத்துல மாமியாருங்க இதுக்கு நெம்பக் கஷ்டப்படோணும். நீ ஒரு எஞ்சினியரை வெச்சு முடிச்சுட்டே.

ராத்திரி மேல் ரூம்புல படுக்கச் சொன்னே. படுத்தேன். இந்தக் காங்கிரீட்டுத் தார்சு இருக்குது பாரு, நாணயமான கடன்காரனாட்ட: பகல்ல சூரியன்கிட்ட வாங்குன சூட்டையெல்லாம் ராத்திரி ஒரு பைசா பாக்கியில்லாம உன்ற தலைமேல திருப்பிக் குடுத்துருது. ஏசி போட்டே. எனக்கு முட்டி புடிச்சுக்குச்சு. செரி, சன்னலைத் தொறக்கலாம்னு மேக்குச் சொவத்துல தடவுனேன். சன்னலே இல்லை.

மேக்கால என்ன இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? பாலக்காட்டுக் கணவா. அத்தாம்பெரிய மலையே நமக்காவ சுமார் 30 கிலோமீட்டருக்கு வழி உட்டு நிக்குது. ஆனி ஆடியில அதுவழியா வர்ற காத்துக்கு யாரும் பில்லு போடறதில்லை. அந்தக் காத்தை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காத்தாடி நட்டுக் கரண்டு எடுக்கறாங்க. நீ காத்தை வெளிய நிறுத்தீட்டு, அந்தக் கரண்டைக் காசு குடுத்து வாங்கி, ஏசியில காத்து வாங்கறே. கேட்டா, நைருதி மூலை, பாரமா அடைச்சு வெக்கோணும்னு வாஸ்துக்காரரு சொன்னாருங்கறே. செரி. கரண்டு பில்லை அந்த மூலைக்கே அனுப்பச் சொல்லு.

நான் ஒண்ணும் ஓட்டு ஊட்டுக்குப் போன்னு சொல்லல. அதோட வண்டவாளம் எனக்குத் தெரியாதா? தோட்டத்து ஊட்டு வில்லை ஒண்ணைத் திருப்பிப் பாரு, அடியில கம்பெனி பேரு அச்சாயிருக்கும். மங்களூர்ல பேசல் மிஷன்காரங்க 1865-ல ஆரம்பிச்ச தொழிலு அது. பொறகு மலையாளக் கரை பூராவும் சூளை வந்துருச்சு. எங்கப்பாரு வண்டி கட்டிப் போய்க் கொண்டாந்தாரு. குளுகுளுன்னு இருக்கும், பொய்யில்லை. குரங்கு ஏறி ஓடுனா அன்னைக்கு ராத்திரி மழை ஊட்டுக்குள்ளதான். தேள் விழுவும். வருசா வருசம் ஆளைப் புடிச்சு ஓடு மாத்தோணும். இதையெல்லாம் மறந்துட்டுப் பழசைப் பாடற கெழவனுங்களை நம்பாத.

ஆனா, கட்டறவனுக்கு மனசு இருந்தாப் புதுசுலயும் வழி இருக்குது. திருவனந்தபுரத்துல லாரி பேக்கர்னு ஒரு வெள்ளைக்காரரு இருந்தாரு. 1917-ல இங்கிலாந்துல பொறந்து, 1945-ல இந்தியாவுக்கு வந்து, 2007-ல இங்கயே கண்ணை மூடுனவரு. செங்கல்லைப் படுக்க வெக்காம நட்டு வெச்சு, நடுவால பொந்து உட்டுக் கட்டுவாரு. எலிப்பொறிக் கட்டுன்னு பேரு. நாலுல ஒரு பங்கு கல்லு மிச்சம், பொந்துல நிக்கற காத்து சூட்டையும் தடுத்துரும். தார்சு போடறப்ப அடிவாட்டத்துல கம்பிக்கு நடுவால ஓட்டு வில்லைய வெச்சு ஊத்துவாரு; அங்கயும் காங்கிரீட்டு மிச்சம். எடத்துல மரம் நின்னா மரத்தை வெட்ட மாட்டாரு, ஊட்டை வளைச்சுக்குவாரு. 1990-ல கவருமெண்டு பத்மஸ்ரீ குடுத்துச்சு. உனக்குக் கட்டிக் குடுத்த ஆளு மொத நாளே உன்ற எடத்து வேப்பமரத்தை வெட்டீட்டு, பொறகு பூந்தொட்டிக்கு எஸ்டிமேட்டுக் குடுத்தாரு. அவருக்கும் ஏதாச்சும் விருது வரும், பொறுத்துப் பாரு.

மேலே அந்த வெள்ளையா, குழிச்சுக் குழிச்சு வெளக்கு வெச்சிருக்கறது என்ன? பால்ஸ் சீலிங்கா? அழகு. எங்கண்ணு அதுல ஒண்ணைத்தான் தேடுச்சு. கொக்கி. சின்னவன் பொறந்து எட்டு மாசமாச்சு, ராத்திரியெல்லாம் சிணுங்கறான். உங்கம்மா அவளோட பழைய பருத்திச் சேலையக் கொண்டாந்து, தூளி கட்ட எடம் தேடி ரூம்பு ரூம்பா அண்ணாந்து பாத்துட்டே சுத்துனா. ஒரு கொக்கியில்லை. அந்தச் சீலிங்குல ஒரு வாழைப்பழத்தைத் தொங்க உட்டாக்கோடப் பேந்து வந்துருமாம். கடைசியில கம்பியில செஞ்ச சுருள் தொட்டில் ஒண்ணை ஆன்லைன்ல வாங்கிப் போட்டே. அது குதிக்குது, ஆடமாட்டேங்குது. பச்சைக் கொழந்தையத் தூங்க வெக்கறதுக்கு எதுக்குச் சாமி குதிரைச் சவாரி?

பீம் கம்பி கட்டறப்பவே கொத்தனாருகிட்டச் சொல்லியிருந்தா, வளைச்ச கம்பி ஒண்ணை உள்ள உட்டு ஊத்தியிருப்பான். செலவு ஒரு டீக்காசு. கொழந்தைக்குத் தூளி, வளந்தா அதே கொக்கியில ஊஞ்சலு, கெழவன் ஆயிட்டா எந்திரிக்கப் புடிச்சுக்கக் கயிறு. மூணு தலைமொறைக்கு ஒரு கொக்கி போதும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போயிரல. ஆசாரத்துல பீம் ஓடற எடத்துல அந்த வெள்ளை அட்டையத் தொளை போட்டு, காங்கிரீட்டுலயே போல்டு முடுக்கற ஆளு இருக்கறான், கூப்புடு. அட்டை அசிங்கமாயிருமேன்னு பாக்காத. அசிங்கமாகட்டும். உன்ற ஊட்டுல மொத மொத எதாச்சும் நடந்திருக்குதுன்னு அப்பத்தான் பாக்கறவனுக்குத் தெரியும்.

மார்கழி கடைசியில காப்புக் கட்டுக்கு வந்திருந்தேன் நெனப்பிருக்குதா? வேப்பங்கொழை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் கொத்தாக் கட்டி மடி நெறையக் கொண்டாந்தேன். எங்க சொருகறது? நம்மூட்டுல எரவாரம் இருந்துச்சு. காப்பு மட்டுமா? அருவா, பல்லுப்போன சீப்பு, கரண்டு பில்லு, ஜாதகக்கட்டு, உன்ற அம்மிச்சி எனக்குத் தெரியாமச் சேத்து வெச்ச சுருட்டுன பத்து ரூவா நோட்டு, எல்லாத்துக்கும் அந்த எரவாரந்தான் பீரோ. ஒரு சாமானைத் தேடுனா மூணு சாமான் கெடைக்கும். உன்ற ஊட்டுல எல்லாமே உள்ள மறைச்சு வெச்சுச் சொவராட்டம் சாத்தியிருக்குது, ஒரு கத்திரிக்கோலுக்கு ஏழு கதவு தொறக்கோணும். காப்பைக் கையில வெச்சுட்டு ஊட்டைச் சுத்தி வந்தேன். நீ செலோடேப்பு கொண்டாந்தே. பொங்கலுக்கு முன்னாலயே உதுந்துருச்சு. வாசக்காலுக்கு மேல நாலு ஆணி அடிச்சுக்கோ. சொவத்துக்கு வலிக்காது.

ஆணின்னவொடனே உனக்கு மூஞ்சி மாறுது பாத்தியா! அப்ப இதையுங் கேட்டுக்கோ. அஞ்சாறு எடத்துல பென்சில்ல கிறுக்கி வெச்சிருக்கறான்னு பெரியவனை வெரட்டுனயே, பெயிண்டருக்கு அவ்வளவு காசு குடுத்தும் அவனுக்கு ஒரு யானைகோட வரையத் தெரியல. இவன் வரைஞ்சிருக்கறான். தும்பிக்கை மட்டுந்தான் பின்னால இருக்குது.

இனித் திண்ணைக்கு வருவோம். "அந்தக் காலத்துல திண்ணை இருந்துச்சு, மனுசன் மனுசனோடப் பேசுனான்"னு மேடையில பேசறவியளை நானும் பாக்கறேன். எங்க திண்ணை முழங்கால் ஒசரம், வழவழன்னு இருக்கும். அதுல யாரெல்லாம் உக்காந்தாங்கன்னு நெனச்சுப் பாத்தேன். எங்கப்பாரு, நானு, மாட்டுத்தரகரு, மணியகாரரு, வழிபோக்கன். உன்ற அம்மிச்சி அதைத் தெனமும் சாணி போட்டு மொழுகுனா. ஒரு நாளுகோட அதுல உக்காந்து நான் பாத்ததில்லை. ஆம்பளைக உக்கார்ற எடமாம். அவ மூச்சு வாங்கறதுன்னாப் பொடக்காளியில தொவைக்கற கல்லு மேலதான் உக்காருவா. அவளுக்கு அந்தக் கல்லுதான் ஊடு. அதனால திண்ணை கட்டுன்னு சொல்ல மாட்டேன். உன்ற ஊட்டுல யாரு உக்காரவே இல்லைன்னு மட்டும் ஒரு நாளு பாரு. நான் பாத்துட்டேன். காலையில அஞ்சுக்கு எந்திரிச்ச அம்முணி, அந்தச் சோபாவைத் தொடைச்சு, கண்ணாடி மேசையத் தொடைச்சு, பொடுசோட கைரேகையத் தேடித் தேடித் தொடைச்சு, உக்காந்தது ஆபீசுக்குப் போற பஸ்சுலதான்.

ஆளுக்கொரு ரூம்பு, ரூம்புக்கொரு பாத்ரூம்பு, ஒவ்வொண்ணுலயும் கதவு. சோறுங்கக் கூப்புடறதுக்கு போன்ல மெசேஜு. இதுக்கு ஒரு வைத்தியம் சொல்றேன், கையைக் குடு. அந்த நெட்டு வர்ற பொட்டி இருக்குதுல்ல, மாடிப்படியில மாட்டியிருக்கறயே, அதைக் கழட்டிக் கீழ ஆசாரத்துல, தூரத்துச் சொவத்துல வெய்யி. ரூம்புக்குள்ள பாதி எட்டோணும், பாதி எட்டக்கூடாது. அரை மணி நேரம் பொறு. குடும்பம் பூராவும் தானா எறங்கி வரும். வர்றவிய உக்கார ஒரு பவானி ஜமக்காளம் விரிச்சு வெச்சுரு, அகலமானதா. ஒண்ணாப் படம் பாக்காட்டியும் போகுது, ஆளுக்கொண்ணு பாத்தாக்கோட காலோட காலு இடிக்கும்ல? இடிச்சாச் சண்டை வரும். சண்டை வந்தாப் பேச்சு வந்துரும்.

ஒறம்பரைக்குன்னு ஒரு ரூம்பைப் பூட்டி வெச்சிருக்கறயே, சாவி எங்கேன்னு உனக்கே தெரியாது. "போன் பண்ணீட்டு வாங்க"ன்னு உங்கத்தைகிட்டச் சொன்னியாமே. அவ ஊரெல்லாம் சொல்லீட்டு அழுதா. நல்ல வேளை நானும் போன் பண்ணாமத்தான் வந்தேன். பண்ணியிருந்தா நீ அந்த ரூம்பைத் தொடைச்சு வெச்சிருப்பே, நானும் அங்கயே கெடந்திருப்பேன், சந்துல சோறு வேகறது எனக்கெப்புடித் தெரியும்?

செரி, மணியாச்சு. மஞ்சள் மூட்டை ஏத்தற வண்டி ஒண்ணு வர்ற செவ்வாக்கெழமை ஈரோட்டுல எறக்கீட்டு இந்தப் பக்கம் வருது. அதுல நம்மூட்டுக் கயித்துக்கட்டலைப் போட்டு உடறேன், புதுக்கயிறு போட்டாச்சு. கார் நிறுத்தற எடத்துல மேகாத்து நல்லா அடிக்குது, அங்க போடச் சொல்லு. கூடவே ஒரு வேப்பங்கன்னு. அம்முணி உக்கார்றதுக்குப் பொடக்காளிக் கல்லைக்கோட ஏத்தலாம்னுதான் பாத்தேன், அதைத் தூக்கறதுக்கு நாலு ஆளு வேணும். அதனால அம்முணி வேற வழி சொல்லுச்சு. சோபா மேல இருக்கற பிளாஸ்டிக்கை நீ ஆபீஸ் போனவொடனே கிழிச்சுப் போட்டுட்டு, அதுல காலை நீட்டிப் படுத்துக்குதாம். நேத்தே பேசி முடிச்சுட்டோம். நீ சாயங்காலம் வந்து கேட்டீன்னா, எலி கடிச்சுருச்சுன்னு சொல்லச் சொல்லியிருக்கறேன்.