குளிக்காத முனிவர்கள் ஊரில் வெந்நீர்த் தொட்டி

(இந்த வாரக் கடிதங்கள் எல்லாமே செஞ்சி அருகே தொண்டூரில் ஒரே வீட்டைச் சுற்றி வந்தவை. கையெழுத்துதான் வேறு வேறு.)

கே: புதுச்சேரிப் பக்கம் ஊரைக் காலி செய்துகொண்டு போனவரிடம் பழைய ‘ஹாட் டப்’ ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டேன். மொட்டை மாடியில் வைக்கலாமா?

ப: தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்க்கிறீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. முக்கால் மீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் சதுர மீட்டருக்கு 750 கிலோ. வீட்டு மொட்டை மாடிக்கு இன்ஜினியர் வழக்கமாகப் போடும் கணக்கு 150 கிலோதான். செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலின் மேல் மாடிகளுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் ஏற்றினார்கள்; ஆனால் யானைக் குளத்தைத் தரையில்தான் வெட்டினார்கள். நீங்களும் தரையில் கான்கிரீட் போட்டு, ரசமட்டம் பார்த்து வையுங்கள்.

கே: மோட்டார் முனகுகிறது. ஊர் பம்ப்செட் மெக்கானிக் பார்த்தால் போதுமா?

ப: அவர்தான் சரியான ஆள். இந்த வகைத் தொட்டிக்குச் சொல்லும் ஜக்கூஸி என்பது கலிபோர்னியாவில் குடியேறிய இத்தாலியச் சகோதரர்களின் குடும்பப் பெயர். கிணற்றுக்கு ஜெட் பம்ப் செய்து விற்றவர்கள். அந்த வீட்டுப் பையன் ஒருவனுக்கு முடக்குவாதம். அவனுக்காகக் குளியல் தொட்டியில் இறக்கிய பம்ப்தான் 1956-இல் விற்பனைக்கு வந்தது. ஆக, உங்கள் தொட்டிக்குக் கொல்லைக் கிணறு ஒன்றுவிட்ட அண்ணன். மெக்கானிக் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற டிரிப்பரும் இல்லாமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

கே: கரண்ட் பில் என்ன ஆகும்? இவர் சொல்ல மாட்டேன் என்கிறார். (வாங்கியவரின் மனைவி)

ப: ஆயிரம் லிட்டரை 28 டிகிரியிலிருந்து 38-க்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட பன்னிரண்டு யூனிட். மூன்று கிலோவாட் ஹீட்டருக்கு நாலு மணி நேரம். அரசு இரண்டு மாதத்துக்குத் தரும் 100 இலவச யூனிட், ஒன்பதாவது குளியலைப் பார்க்காது. மூடி இறுக்கமாக இருந்தால் சூடு நிற்கும், செலவு குறையும். விவசாய இலவச மின்சாரத்தில் ஒயர் இழுக்கிற யோசனை அவருக்கு வந்தால் முளையிலேயே கிள்ளுங்கள். அது மின் திருட்டு. சித்திரையில் மாடி டேங்க் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருமே என்று ஒரு தரம் கேட்டும் பாருங்கள்.

கே: சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே இறங்கலாமா? (பக்கத்து வீடு, அழைப்பை எதிர்பார்த்து)

ப: கூடவே கூடாது. எண்ணெய் ஃபில்டரை அடைக்கும், சீயக்காய் மிச்சத்தையும் முடிக்கும். வெளியே குளித்துவிட்டுத்தான் உள்ளே. பழைய தொட்டியில் பயப்பட வேண்டியது குழாய்களுக்குள் படிந்த வழவழப்பு. நண்பர் வீட்டில் இப்படி வாங்கிய தொட்டியை முதல் தரம் ஓட்டியபோது பக்கத்தில் நின்றேன். ஜெட் ஒவ்வொன்றிலிருந்தும் டீத்தூள் மாதிரி கருப்பாகத் துகள் வந்தது. முந்தைய உரிமையாளரின் மூன்று வருஷக் குளியல்! அதற்கென்று விற்கும் குழாய் கழுவும் மருந்தை ஊற்றி ஓட்டி, முழுத் தண்ணீரையும் கொட்டி, மறுபடி நிரப்புங்கள். குளோரின் 3 பிபிஎம்முக்குக் குறையாமல், பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில். சோதனைப் பட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூக்கை நம்பாதீர்கள். வெதுவெதுப்பில் வளரும் லெஜியோனெல்லா கிருமி நுண்ணிய நீர்த்துளிகளோடு நுரையீரலுக்குப் போகும். பிளீச்சிங் பவுடர் மலிவுதான், ஆனால் அதில் சுண்ணாம்பு உண்டு. போர் தண்ணீரின் உப்பே ஹீட்டரில் ஏடு கட்டும்போது அது வேறு எதற்கு?

கே: எங்கள் ஊர் மலையில் கல்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே இருந்த சமண முனிவர்கள் எங்கே குளித்தார்கள்? (எட்டாம் வகுப்பு)

ப: திகம்பர முனிவர்களின் விரதங்களில் குளிக்காமல் இருப்பதும் ஒன்று, தம்பி. தொட்டி வாங்கிய உங்கள் பெரியப்பாவிடம் சொல்லாதே.

கே: தொட்டி வந்து இரண்டு மாசம். ஒருத்தரும் இறங்கவில்லை. நெல் ஊற வைக்கலாமா? (வீட்டுப் பெரியவர்)

ப: ஜெட் ஓட்டையில் நெல் போய் பம்பைப் பிடித்துக்கொள்ளும், அம்மா. குளோரின் வேறு. புழுக்குவதற்கென்றால் அந்த ஹீட்டர் நாற்பது டிகிரியைத் தாண்டாது. உங்கள் அண்டா பரணில்தானே இருக்கிறது?