மூன்றிலிருந்து இரண்டுக்கு

எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோருமே பிரமாதமாக ஓட்டுபவர்கள். அவர்களையே கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு யார் எத்தனை மணி நேரத்தில் போனார்கள் என்ற கணக்கும் கூடவே வரும். எனக்கு ஓட்டுவதைவிட உட்கார்ந்து வருவதில்தான் அனுபவம் அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கியரை ஏற்றும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான். ஆளைக் காட்டிக்கொடுப்பது இறக்கும்போதுதான்.

என் மச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வேகத்தடை. பிரேக்கை மிதிப்பார், கிளட்ச்சை மிதிப்பார், மூன்றிலிருந்து டக்கென்று இரண்டாவது கியருக்கு வருவார், உடனே கிளட்ச்சிலிருந்து காலைப் பிடுங்கிக்கொள்வார். உள்ளே இருக்கும் அத்தனை பேர் தலையும் ஒரே நேரத்தில் ஆடும். அந்த நேரம் பார்த்து அவர் அரசியல் பேசிக்கொண்டிருந்தால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

தலை ஏன் ஆடுகிறது? ஒரு சாதாரண பெட்ரோல் கார் நான்காவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,200 சுற்று சுற்றும். அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு வந்தால் 3,000 சுற்று வேண்டும். ஆனால் மச்சான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து கிளட்ச்சை மிதித்ததுமே எஞ்சின் 1,000-ஐப் பார்த்து இறங்கி ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. கிளட்ச்சை விட்டதும் அதைத் தரதரவென்று 3,000-க்கு இழுத்துக்கொண்டு வர வேண்டிய வேலை சக்கரங்கள் தலையில் விழுகிறது. அதற்கான சக்தியைச் சக்கரம் காரின் ஓட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கார் சட்டென்று பம்முகிறது, நாம் முன்னால் குனிகிறோம். நடுவில் மாட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. அதற்கான பில் சில வருஷம் கழித்து வரும்போது மச்சான் மெக்கானிக்கைத் திட்டுவார்.

“கியர் வெண்ணெயாட்டம் விழுந்துச்சே, கர்ருனு ஒரு சத்தம் வந்துச்சா?” என்பது அவர் கட்சி. வரவில்லைதான். ஆனால் அந்தப் புண்ணியம் சின்க்ரோமெஷ்ஷுக்குச் சேர வேண்டியது. 1928-இல் காடிலாக் கார்களில் முதலில் வந்த சமாச்சாரம் இது. கியர் பெட்டிக்குள் ஒரு வளையம் உரசி, பல் கோப்பதற்கு முன்னால் இரண்டு பக்க வேகத்தையும் சமன் செய்துவிடும். அதனால் ராடு சத்தமில்லாமல் உள்ளே போகிறது. கிளட்ச்சுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்பது அதன் இலாகா இல்லை. அது முழுக்க ஓட்டுகிறவரின் வலது கால் இலாகா.

மருந்து ரொம்பச் சின்னது. கிளட்ச் அழுந்தி இருக்கும்போதே, கியர் மாறும் அந்த அரை நொடியில், ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மாமனார் நடையிலிருந்து கூடத்துக்குள் வருவதற்கு முன் ஒரு கனைப்புக் கனைப்பாரே, அந்த அளவு போதும். எஞ்சின் எழுந்து உட்கார்ந்திருக்கும். அப்புறம் கிளட்ச்சை விட்டால் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேகத்தைக் குறைக்கும்போது வலது கால் பிரேக்கில் அல்லவா இருக்கும்? கனைக்க இன்னொரு காலுக்கு எங்கே போவது? ரேஸ் ஓட்டுகிறவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளமானாலும் இன்றைய இருங்காட்டுக்கோட்டை டிராக்கானாலும், கியர் ராடு வைத்த காரில் வளைவுக்கு முன்னால் நடப்பது இதுதான்: பெருவிரல் பக்கம் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே பாதத்தின் வெளி ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்ஸிலேட்டரைத் தட்டுவது. ஹீல் அண்ட் டோ என்பார்கள். அவர்கள் மெல்லிய அடிப்பாகம் வைத்த ஷூ போட்டிருப்பார்கள். மச்சான் ரப்பர் செருப்போடு இறங்கினார். வண்டி நிற்கவும் இல்லை, போகவும் இல்லை, ஓர் இளநீர்க் கடைக்கு முன்னால் உறுமியது. ஏதோ அவசரத் தாகம் போலிருக்கிறது என்று கடைக்காரர் பதறிப்போய் இளநீர் சீவ ஆரம்பித்துவிட்டார். குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

எங்கள் பெரியப்பாவின் கொள்கை வேறு. இறக்கம் வந்தால் கியரே வேண்டாம், நியூட்ரலில் விட்டுவிடு, பெட்ரோல் மிச்சம் என்பார். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கணக்கு நேர் எதிர். கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் விட்டால், எஞ்சின் அணையாமல் இருக்க வண்டி பெட்ரோல் செலவழித்தாக வேண்டும். இதைப் பெரியப்பாவிடம் யார் சொல்வது? மலையில் இன்னும் மோசம், மொத்த பாரமும் பிரேக் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. கருகல் வாசனை வந்தால் அவர் அடுத்த வண்டியைத்தான் சந்தேகப்படுவார்.

இந்த இருவரையும் மனதில் வைத்துத்தான், கொல்லிமலைக்குப் போகும்போது சங்ககிரிப் பக்கத்து டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்தோம். ஆயுசில் பெரும்பகுதி லாரி ஓட்டியவர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள், வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் எண்ணிக்கொண்டு வருவதற்கு வசதியாக. சித்தி ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு, தனக்கு இரண்டாக வைத்துக்கொண்டார்.

நான் டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவு நெருங்கும். கிளட்ச், நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் மெல்ல ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், இரண்டாவது கியர். சின்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரிகளுக்கு இந்த டபுள் கிளட்ச் போட்டே ஆக வேண்டும்; காருக்குத் தேவையில்லை. ஆனாலும் அவர் கால் கேட்கவில்லை. எஞ்சின் ‘ம்ம்’ என்று ஒரு சுருதி ஏறும், அவ்வளவுதான். டேஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டிலுக்குள் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. பத்தாவது வளைவுக்குள் சித்தி தூங்கிவிட்டார்.

திரும்பும்போது, “எறங்கறப்பவும் அதே கியருங்களா?” என்று கேட்டேன்.

“எதுல ஏறுனமோ அதுலயே எறங்கோணுங்க தம்பி. பிரேக்கு நிப்பாட்டறதுக்குத்தானுங்க, எறக்கறதுக்கு இல்லீங்க.”

அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு, சமவெளியில் தானே ஓட்டுவதாக மச்சான் சாவியை வாங்கிக்கொண்டார். டிரைவர் பக்கத்து சீட்டில் அடக்கமாக உட்கார்ந்தார். முதல் வேகத்தடை. மூன்றிலிருந்து இரண்டு. சித்தி விழித்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தைத் தேடினார்.

“எப்படிண்ணே, நம்ம டிரைவிங்?” என்றார் மச்சான்.

டிரைவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொங்கு மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் சொன்னார்: “அதுக்கென்னங்க, வண்டி உங்களுதுதானுங்களே.”