முகவரி பார்த்துச் சுடும் சட்டம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு முழுத் துப்பாக்கி மட்டும் துப்பாக்கி இல்லை. அதன் உதிரி பாகமும் துப்பாக்கிதான். ராயபுரத்துப் பையன் ஒருவன், சுடும் போட்டிக்குத் தயாராகிறவன் என்றே வைத்துக்கொள்வோம், தன் ரைஃபிளுக்கு நல்ல டிரிகர் ஒன்றை ஜெர்மனியிலிருந்து வரவழைக்கிறான். உள்ளங்கையில் அடங்கும் அந்த இரும்பைச் சுங்கத்துறையின் மேஜை ஆயுதமாகத்தான் பார்க்கும். பெயர் பெற்ற சுடும் வீரர் என்ற சான்று எங்கே, அமைச்சகத்தின் பரிந்துரை எங்கே, இறக்குமதி உரிமம் எங்கே என்று கேட்கும். குழலை வெட்டிக் குட்டையாக்க ஆசைப்பட்டால் ஆறாம் பிரிவு குறுக்கே வரும்; அதற்குத் தனி உரிமம். ஒருவகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதோடு சேர்த்துவிட்டது. மீறினால் குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். காக்கை விரட்டும் காற்றுத் துப்பாக்கிக்குக்கூட அளவு உண்டு: குழல் 4.5 மில்லிமீட்டர், ஆற்றல் 20 ஜூல்.

இந்தக் கண்டிப்பில் எனக்குக் குறையில்லை. கடையில் ரொட்டி வாங்குவதுபோல ரைஃபிள் வாங்கும் அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். கண்டிப்பு எந்த வாசலில் நிற்கிறது, எந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

வெளிநாட்டு ரைஃபிளின் பாகங்களைக் கொண்டுவந்து, இங்கே பொருத்தி, சட்டத்துக்கு ஒரு கீறலும் விழாமல் விற்க நினைப்பவர்களுக்கு இலவச யோசனை: தனியாளாக இருக்காதீர்கள். கம்பெனியாகுங்கள். முடிந்தால் துறைமுகமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேலியாகச் சொல்லவில்லை. மத்தியப் பிரதேசத்தின் மாலன்பூரில் 2017இல் பி.எல்.ஆர். சிஸ்டம்ஸ் என்று ஒரு தொழிற்சாலை தொடங்கியது. புஞ்ச் லாய்டும் இஸ்ரேலின் ஐ.டபிள்யு.ஐ. நிறுவனமும் கூட்டு. டாவோர், கலீல், நெகேவ் என்று அங்கே செய்யும் ஆயுதங்களின் பெயர்களைக் கேட்டாலே பூர்வீகம் தெரிந்துவிடும். 2020இல் அதன் 51 சதவீதம் அதானி குழுமத்துக்குக் கை மாறியது. அதே குழுமம்தான் 2018இல் 1,950 கோடி ரூபாய் கொடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை வாங்கியது. இவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று நான் சொல்லவில்லை. மீற வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது? உரிமம் உண்டு, முத்திரை உண்டு, வெளிநாட்டு முதலீட்டு வரம்பை உயர்த்திக்கொடுத்த அரசும் உண்டு. 2020ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் விதிகளைப் புரட்டுங்கள்: வடிவமைப்பு வெளிநாட்டினுடையதாக இருந்தாலும் 60 சதவீதம் உள்நாட்டுப் பங்கு இருந்தால் 'இந்தியக் கொள்முதல்' வரிசையில் நிற்கலாம். மீதி 40 சதவீதம் எந்தக் கடலைத் தாண்டி வந்தாலும் ரைஃபிளுக்குப் பூணூல் போட்டாயிற்று, கோத்திரம் கேட்க ஆளில்லை.

நிஜமாகவே உள்நாட்டில் துப்பாக்கி செய்கிறவர்களின் கதை வேறு. திருச்சி படைக்கலத் தொழிற்சாலை 1966 முதல் நடக்கிறது. இன்சாஸ் ரைஃபிளும், ஊர்ப் பெயரையே சுமக்கும் திருச்சி அசால்ட் ரைஃபிளும் அங்கே செய்தவைதான். 2021இல் படைக்கல வாரியத்தையே கலைத்துக் கம்பெனிகளாக உடைத்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்று வாய் திறந்ததும் அதைக் குற்றமாக்க அவசரச் சட்டம் வந்தது. ரைஃபிள் செய்யலாம், கோஷம் போடக் கூடாது.

சரி, உரிமத் தாளைக் கையில் வைத்திருந்தும் மாட்டிக்கொண்டவர்கள் கதைக்கு வருவோம். 2013 அக்டோபர் 12. தூத்துக்குடிக்கு அப்பால் 'சீமேன் கார்டு ஓகையோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை மடக்கியது. கொடி சியரா லியோனுடையது, கம்பெனி அமெரிக்காவினுடையது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் தொழில். உள்ளே 35 பேர், 35 ரைஃபிள்கள், ஐயாயிரத்துச் சொச்சம் தோட்டாக்கள். ஆவணம் இருக்கிறது, பாதுகாப்புக்குத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு வழக்குப் போட்டது; கள்ளத்தனமாக 1,500 லிட்டர் டீசல் வாங்கியதும் அதில் சேர்ந்துகொண்டது. 2014இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுதக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று அதே மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. பிரிட்டனின் ஆறு பேருக்கு அவர்கள் நாட்டுப் பத்திரிகைகள் 'சென்னை சிக்ஸ்' என்று பெயர் சூட்டின; குடும்பத்தார் மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். புழல் சிறையின் புழுக்கம் லண்டன் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலில் 12 இந்தியர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எண்ணும் இல்லை, பட்டமும் இல்லை.

நான்கு ஆண்டு கழித்துக் குற்றமில்லை என்று சொல்ல முடிகிற ஒரு சட்டம், முதல் நாளிலேயே என்ன பார்த்தது? துப்பாக்கியைப் பார்த்ததா, ஆளைப் பார்த்ததா?

2022 ஆகஸ்டில் புழலிலிருந்து அதிகத் தூரமில்லாத காட்டுப்பள்ளியில் இன்னொரு கப்பல் வந்து நின்றது. 'சார்லஸ் ட்ரூ', அமெரிக்கக் கடற்படையினுடையது. எல் அண்டு டி கப்பல் கட்டும் தளத்தில் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்படுவது அதுதான் முதல் முறை. அந்த வகைக் கப்பலின் வேலையே கடலில் நிற்கும் போர்க்கப்பல்களுக்குச் சரக்கும் வெடிமருந்தும் கொண்டுபோய்க் கொடுப்பது. வரவேற்க டெல்லியிலிருந்து பாதுகாப்புத் துறைச் செயலரே வந்தார். இந்தியாவில் தயாரிப்போம் திட்டத்துக்குக் கிடைத்த பெரிய ஊக்கம் என்று அரசு அறிக்கை மெச்சியது. அழைத்து வந்த விருந்தாளியையும் எல்லையில் சுற்றிய வழிப்போக்கனையும் சட்டம் ஒன்றாகப் பார்க்காதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே கடல், ஒரே நாட்டுத் தொழில், ஒன்றுக்குக் கூண்டு, ஒன்றுக்குக் குத்துவிளக்கு.

காட்டுப்பள்ளிக் குப்பத்தில் ஒரு மீனவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அந்தக் கப்பல்காரன்கிட்ட இன்னா கார்டு கேட்டாங்க சார்?"

"அவங்க அரசாங்கத்து விருந்தாளிண்ணே."

"நாங்க யாரு வூட்டு விருந்தாளி? பொறந்ததுலேர்ந்து இந்தக் கடல்லதான் கெடக்குறோம். கடலுக்குப் போறப்பவும் கார்டு காட்டணும், வர்றப்பவும் காட்டணும். துருப்பிடிச்ச குண்டு ஒண்ணு வலையில மாட்டுச்சுன்னு வையி, மீனு வித்த காசு ஸ்டேஷனுக்கு அலையவே சரியாப் பூடும்."

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இவர்களுக்குக் கைரேகை அட்டை வந்தது, படகுக்கு மாநில வண்ணம் வந்தது. 'சாகர் கவாச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நாட்களில் போலீஸ்காரர்களே தீவிரவாதி வேடம் போட்டு, பொம்மைக் குண்டோடு மீன்பிடிப் படகில் ஏறிக் கரைக்கு வருவார்கள். இன்னொரு போலீஸ் கூட்டம் அவர்களைப் பிடித்துவிட்டதாகச் செய்தி கொடுக்கும். தீவிரவாதி எந்தப் படகில் வருவான் என்பது அரசின் கற்பனையில் முன்பே முடிவாகிவிட்டது. கன்டெய்னர் கப்பலில் ஏறி வருவதாக ஓர் ஒத்திகை வைத்தால் எந்த அதிகாரிக்கு எங்கே மாற்றல் வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

காட்டுப்பள்ளித் துறைமுகமோ 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிய ஆசைப்படுகிறது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அந்தக் கணக்கில் உண்டு. மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் மறுபடி தள்ளிப்போனது. ரைஃபிள் குழலில் ஓர் அங்குலம் வெட்ட உரிமம் கேட்கும் நாட்டில், கொசஸ்தலையாறும் பழவேற்காடும் சேரும் கரையையே வெட்டி மாற்ற மனுப் போடலாம்.

சட்டம் கண்டிப்பாகவே நடந்துகொண்ட இடம் ஒன்றும் வடசென்னையில் உண்டு. 2015இல் உரிமம் சரியில்லை என்று அமோனியம் நைட்ரேட் சரக்கு ஒன்றைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. சபாஷ் என்று தட்டிக்கொடுத்திருக்கலாம். பிடித்ததை எங்கே வைத்தார்கள்? மணலியில், ஒரு கன்டெய்னர் கிடங்கில். ஐந்தாண்டு. அந்த வருட வெள்ளத்தில் கொஞ்சம் கெட்டுப்போனது போக மிச்சம் 697 டன். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே சரக்கு 2,750 டன் வெடித்து நகரமே கிழிந்தபோதுதான் நம் அதிகாரிகளுக்கு மணலி நினைவு வந்தது. அவசரமாக ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு ஏற்றினார்கள். அதற்கு முன் ஊர் பதறியபோது சுங்கத்துறை ஆறுதல் சொன்னது: கிடங்கைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருப்பே இல்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய்ப் பார்த்தது. அந்த இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே மணலி புதுநகர் இருந்தது, சடையங்குப்பம் இருந்தது. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை எல்லாம் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருந்தார்கள்.