பட்டம் விடச் சில யோசனைகள்

முதலில் மாடிப்படி ஏறுங்கள். சுலபமாகப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலேதான் இருக்கும். கதவில் 'அட்மிஷன் நடைபெறுகிறது' ஸ்டிக்கர் வருஷம் பூரா ஒட்டியிருந்தால் தைரியமாக நுழையலாம். ஆண்டுக்கு இரண்டே பருவம்தான் சேர்க்கை என்பதெல்லாம் யு.ஜி.சி.யின் சோம்பேறித்தனம்.

உள்ளே இருப்பவர், "ஒன் சிட்டிங்ல முடிச்சிரலாமா சார்?" என்பார். மூன்று வருஷப் படிப்பு ஒரே உட்காரலில் முடிந்துவிடும் என்று அர்த்தம். என் சித்தப்பா மகன் அப்படி வாங்கிய மார்க்ஷீட்டைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மினுங்கும் ஹாலோகிராம், நாலு முத்திரை. அதில் போட்டிருந்த பரீட்சை நாளன்று அவன் எங்களோடு திருச்செந்தூரில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

அங்கீகாரம் பற்றிக் கேட்டால் சுவரைக் காட்டுவார். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் தொங்கும். நிர்வாக முறைக்குத் தருகிற சான்று அது. பட்டாசுக் கம்பெனிக்கும் கிடைக்கும். பக்கத்தில் 'நாக் ஏ பிளஸ்' என்றும் இருந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். பெங்களூரில் 1994இல் தொடங்கிய நாக், கல்லூரியின் தரத்தை எடைபோடுகிறது, அவ்வளவுதான். யார் பட்டம் கொடுக்கலாம் என்று சொல்வது 1956ஆம் வருஷத்து யு.ஜி.சி. சட்டம். எந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்தலாம் என்பதை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ('டெப்') தனியே பார்த்துப் பட்டியல் போடுகிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளத் தெரியாதவர் இந்த வித்தைக்கு லாயக்கில்லை. பட்டியலைப் பார்க்கப் பைசா செலவில்லை என்பதால் அதற்கு மரியாதையும் இல்லை.

பி.இ., நர்சிங், சட்டம் எல்லாம் ஆன்லைனில் நடத்தக் கூடாது. அதனால்தான் மாடியில் அவற்றுக்கு ஃபீஸ் அதிகம்.

முன்னோடிகளையும் மறக்கக் கூடாது. 2002இல் ஒரு சட்டம் போட்டு, சத்தீஸ்கரில் 112 தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமே கிடையாது. பேராசிரியர் யஷ்பால் வழக்குப் போட, 2005இல் உச்ச நீதிமன்றம் மொத்தமாகக் கத்தரித்துவிட்டது.

அனுமதி பெற்ற இடத்தில் முறையாகப் படித்த ஆன்லைன் பட்டம், நேரில் போய்ப் படித்ததற்குச் சமம் என்று 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஆனால் அதில் ஒரு தொந்தரவு: கேமரா முன்னாலோ மையத்திலோ கண்காணிப்பில் பரீட்சை எழுத வேண்டும். சேரும்போதே, "உங்க பேர்ல நீங்களே டெப் ஐடி போட்டுட்டு வாங்க" என்றார்களானால் உடனே எழுந்துவிடுங்கள். நிஜமாகவே படிக்க வைத்துவிடுவார்கள்.